ரவிக்கைத் துணியும் ரிட்டன் டிக்கெட்டும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்குள் போகிறீர்கள். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்று பிடித்துவிடுகிறது. ரவிக்கைத் துணியோடு சேர்த்துப் பதினெட்டாயிரம் என்கிறார் கடைக்காரர். வீட்டில் ஏற்கெனவே பொருத்தமான ரவிக்கை இருக்கிறது. "ரவிக்கைத் துணி வேண்டாங்க, அதை வெட்டிக்கிட்டுப் புடவையை மட்டும் குடுங்க, எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். அவர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் "இருபத்தி ரெண்டாயிரம்" என்கிறார்.

என்ன செய்வீர்கள்? கடைக்காரருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவீர்கள். அங்கேயும் அதே பதில் கிடைத்தால்? அதற்கடுத்த கடையிலும் அப்படியே என்றால்?

புடவைக் கடையில் இது நடக்காது. விமான டிக்கெட்டில் ரொம்ப நாளாக நடந்துகொண்டிருக்கிறது. நீண்ட தூரம் போகும் வெளிநாட்டு விமானங்களில், போவதற்கு மட்டும் டிக்கெட் கேட்டால் ஒரு விலை; போய்வரக் கேட்டால் அதைவிடக் குறைந்த விலை. எல்லா நாளும் எல்லா ஊருக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எந்த ட்ராவல்ஸ்காரரைக் கேட்டாலும், இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பார். ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்பார்.

இது பணக்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படியில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்வோம். பையன் பி.காம். முடித்துவிட்டு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் வாங்கிவிட்டான். பேங்க் லோன், அத்தை வீட்டு நகை, மாமாவிடம் கைமாற்று என்று ஒரு வழியாகப் பணம் புரட்டியாகிவிட்டது. கடைசியில் டிக்கெட். ஒன் வே அறுபத்தி ரெண்டாயிரம், ரிட்டன் ஐம்பத்தைந்தாயிரம் என்று ட்ராவல்ஸில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். (கணக்குக்காகச் சொன்ன எண்கள், உங்கள் ஊருக்கும் தேதிக்கும் வேறாக இருக்கும்.) அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மாற்றி எழுதிவிட்டார்களோ என்று சந்தேகம். பையன் எப்போது திரும்பி வருவான் என்று அவனுக்கே தெரியாது. தெரியாத காரணத்துக்காக ஏழாயிரம் ரூபாய் அதிகம் கட்ட வேண்டும்.

இதற்கு நம் ஊரில் எல்லோரும் சட்டென்று சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. டாக்ஸி விளக்கம். காஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு வாடகைக் கார் பிடித்தால், "டிராப் மட்டும்தான்" என்று சொன்னாலும் டிரைவர் திரும்பி வரும் டீசலுக்கும் சேர்த்தே கேட்பார். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வரவேண்டுமே, அவர் கேட்பது நியாயம்தான். விமானமும் அப்படித்தானே?

இல்லை. நீங்கள் லண்டனில் இறங்கிவிட்டால் உங்கள் சீட் காலியாகத் திரும்பி வருவதில்லை. அதில் அங்கிருந்து வரும் வேறொருவர் உட்கார்ந்து வருகிறார், அவர் தனியாகக் காசு கொடுத்திருக்கிறார். ஆகஸ்டு, செப்டம்பரில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும்போது அந்தத் திசையில் விலை ஏறுவது உண்மைதான். அதைக் கூட்ட நெரிசல் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதே விமானம், அதே நாள், அதே சீட்டுக்குத் திரும்பும் பயணத்தையும் சேர்த்துக் கேட்டால் மொத்த விலை ஏன் இறங்குகிறது? இரண்டு முறை ஏற்றி, இரண்டு முறை சாப்பாடு போட்டு, இரண்டு முறை பெட்டியைத் தூக்கி வைப்பதற்கு ஒருமுறை செய்வதைவிடச் செலவு குறைவாகவா ஆகும்? செலவுக் கணக்கில் இதற்கு விடை கிடையாது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் கிடைக்காது.

விடை திரும்பவும் பட்டுக் கடையில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் விலைச்சீட்டு, அரசுத் தள்ளுபடி எல்லாம் எழுத்தில் இருக்கும். தனியார் கடைகள் எல்லாம் அப்படி என்று சொல்ல முடியாது. சில இடங்களில் வாசலிலேயே உங்களை எடை போட்டுவிடுவார்கள். எந்தக் காரில் வந்தார்கள், எந்த ஊர்த் தமிழ் பேசுகிறார்கள், ஆட்டோக்காரர் அழைத்து வந்தாரா, கல்யாணம் எத்தனை நாளில், கூட வந்திருப்பது அமெரிக்க மாப்பிள்ளையா உள்ளூர் மாப்பிள்ளையா. இதையெல்லாம் பார்த்துத்தான் முதல் விலை வாயிலிருந்து வரும். அதே தறியில் அதே கூலிக்கு நெய்த புடவைதான். மாறுவது வாங்குகிறவரின் முகம்.

விமானக் கம்பெனிக்கும் இதே ஆசைதான். முன்னூறு பேர் உட்காரும் விமானத்தில் ஒருவர் அவசர மீட்டிங்குக்குப் போகிறார். டிக்கெட் ஒரு லட்சமானாலும் ஆபீஸ் கட்டும். பக்கத்து சீட்டில் ஒரு குடும்பம் மகளைப் பார்த்துவிட்டு வரப் போகிறது. ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். எல்லோருக்கும் ஒரு லட்சம் என்றால் குடும்பம் வராது, சீட் காலியாகப் பறக்கும். விற்காத புடவையை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடலாம், விற்காத சீட் விமானம் தரையை விட்டுக் கிளம்பிய நிமிஷமே செத்துப்போகிறது. சரி, எல்லோருக்கும் ஐம்பதாயிரம் என்று வைத்தால்? மீட்டிங் ஆசாமியிடமிருந்து வந்திருக்க வேண்டிய இன்னொரு ஐம்பதாயிரம் போச்சு. ஆக, இரண்டு பேருக்கும் இரண்டு விலை வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். விமானக் கம்பெனிக்கு வாசல் கிடையாது. முகம் பார்க்க முடியாது. "ஐயா, நீங்கள் ஆபீஸ் காசில் போகிறீர்களா, சொந்தக் காசிலா?" என்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? அதனால் வேறொரு கேள்வியைக் கண்டுபிடித்தார்கள். "எப்போது திரும்புவீர்கள்?"

சாதுவான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் பதிலில் உங்கள் முகம் தெரிந்துவிடும். செவ்வாய் போய் வியாழன் திரும்புகிறவர் மீட்டிங் ஆசாமி. வாரக் கடைசியை வீட்டில் கழிக்க ஓடி வருகிறார். ஒரு சனிக்கிழமை இரவாவது அங்கே தங்குகிறவர் ஊர் சுற்றவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர். அதனால்தான் மலிவு விலை ரிட்டன் டிக்கெட்டோடு "குறைந்தபட்சம் ஒரு சனி இரவு தங்க வேண்டும்" என்றொரு விதியைக் கட்டினார்கள். சில வாரங்களுக்கு முன்பே வாங்க வேண்டும், ரத்து செய்தால் பணம் வராது என்று இன்னும் சில விதிகள். மலிவு விலைக்கும் முழு விலைக்கும் நடுவில் போட்ட வேலி இது.

இப்போது ஒன் வே டிக்கெட்டுக்கு வருவோம். வேலி போட்டாயிற்று. போவதற்கு மட்டும் டிக்கெட்டை, ரிட்டனில் பாதி விலைக்கு விற்றால் என்ன ஆகும்? மீட்டிங் ஆசாமி ஒன்றும் முட்டாள் இல்லை. செவ்வாய்க்கு ஒரு ஒன் வே, வியாழனுக்கு ஒரு ஒன் வே என்று தனித்தனியாக இரண்டு வாங்கிக்கொள்வார். சனிக்கிழமை விதி அவரைத் தொடவே தொடாது. மலிவான ஒன் வே என்பது வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையை அடைக்க ஒரே வழி, ஒன் வேயை முழு விலைப் பட்டியலிலேயே வைத்துவிடுவது. ஒரே எக்கானமி வகுப்புக்குள் ஒய், எம், க்யூ, வி என்று எழுத்து எழுத்தாக விலைப் பிரிவுகள் இருக்கும். ரிட்டன் கேட்டால் அடித்தட்டுப் பிரிவு வரை கதவு திறக்கும். ஒன் வே கேட்டால் பல நேரம் மேல்தட்டு மட்டும்தான்.

கவனியுங்கள், இதில் ஒன் வே பயணியின் மேல் கம்பெனிக்குக் கோபம் எதுவும் இல்லை. அவரைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. யாரையோ பிடிக்க விரித்த வலையில் இவர் மாட்டிக்கொள்கிறார். சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலி.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1849-லேயே ழூல் துய்ப்யூய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயில் கட்டணத்தைப் பற்றி எழுதும்போது இதைப் பிடித்துவிட்டார். அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை போட ரயில் கம்பெனியிடம் காசு இல்லை என்றா அர்த்தம்? இல்லை, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்றார் அவர். ஏழையை மழையில் நனைக்க வேண்டும் என்பது நோக்கமல்ல, பணம் உள்ளவனைப் பயமுறுத்த வேண்டும். நனைந்தது என்னவோ ஏழைதான். பின்னால் 1920-ல் பிகூ, விலைப் பாகுபாட்டை மூன்று தரமாகப் பிரித்து எழுதினார். பிசினஸ் எகனாமிக்ஸ் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருமே, அதேதான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும்போது மின்சாரக் கட்டணத்தையும் டாக்டர் ஃபீஸையும் உதாரணமாக எழுதுகிறோம். கையில் இருக்கும் டிக்கெட்டைப் பார்ப்பதில்லை.

விமானத்தில் இது முழு வீச்சில் வந்தது அமெரிக்காவில். 1978-ல் அங்கே விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 1981-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி அடிமாட்டு விலைக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்தது. மாணவர்களும் சாதாரணக் குடும்பங்களும் பஸ்ஸை விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல் 1985 ஜனவரியில் பதிலடி கொடுத்தார். முன்கூட்டியே வாங்குகிறவருக்கு, நிபந்தனைகளோடு, பீப்பிள் எக்ஸ்பிரஸுக்குச் சமமான விலை. கடைசி நேரத்தில் வருகிற ஆபீஸ்காரருக்குப் பழைய விலையே. எத்தனை சீட்டை மலிவாக விற்பது, எத்தனையைக் கடைசி நிமிஷம் வரை பத்திரமாக வைத்திருப்பது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மலிவு விலை என்று நடத்திய பீப்பிள் எக்ஸ்பிரஸ் தாக்குப்பிடிக்கவில்லை. விற்கப்பட்டு 1987-ல் காண்டினென்டலோடு கலந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க விமானக் கம்பெனிகள் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டன.

அப்படியானால் இந்தியாவுக்குள் பறக்கும்போது ஏன் இந்தக் கூத்து இல்லை? சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒன் வே பார்த்தால் ஒரு விலை, ரிட்டன் பார்த்தால் இரண்டு ஒன் வேயின் கூட்டுத்தொகை. அவ்வளவுதான். காரணம் இங்கே மலிவு விலை விமானங்கள் சந்தையைப் பிடித்த விதம். 1953-ல் விமானத் துறையை அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் ரத்தானது 1994-ல். 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. (சூரரைப் போற்று பார்த்தவர்களுக்குத் தெரியும், 2020-ல் வந்த அந்தப் படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது.) பின்னாலேயே 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ. இவர்கள் பஸ் டிக்கெட் மாதிரி ஒவ்வொரு பயணத்தையும் தனியாக விற்றார்கள். "எப்போது திரும்புவீர்கள்?" என்ற கேள்வியையே கேட்கவில்லை, "எப்போது வாங்குகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும் என்று விட்டுவிட்டார்கள். சீக்கிரம் வந்தால் மலிவு, கடைசி நாளில் வந்தால் கொள்ளை. அதுவும் வேலிதான். ஆனால் திரும்பி வராதவனுக்கு அபராதம் போடாத வேலி. ஒருவர் ஒன் வேயைத் தனியாக நியாயமான விலைக்கு விற்க ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களும் விற்றே ஆகவேண்டும். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட், ஐரோப்பாவில் ரயன்ஏர் செய்ததும் இதையே.

இதே காரணத்தால்தான் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்தப் பாதைகளில் மலிவு விமானங்கள் ஓடுகின்றன. சிக்கல் மிச்சமிருப்பது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நீண்ட பாதைகளில். அங்கேயும் ஒரு கம்பெனி முயன்று பார்த்தது. நார்வேஜியன் 2013-ல் நீண்டதூர விமானங்களை ஆரம்பித்து அட்லாண்டிக் கடலைத் தாண்ட மலிவான ஒன் வே விற்றது, பழைய கம்பெனிகளும் கொஞ்சம் இறங்கி வந்தன. 2021 ஜனவரியில் நார்வேஜியன் நீண்டதூர விமானங்களை நிறுத்திவிட்டது.

இப்போது யார் மாட்டுகிறார்கள் என்று பார்ப்போம். நீண்ட பாதையில் உண்மையிலேயே போவதற்கு மட்டும் டிக்கெட் வாங்குகிறவர் யார்? மீட்டிங் ஆசாமி கிடையாது, அவருக்கு வியாழக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும். சுற்றுலா போகிறவரும் கிடையாது, திரும்பும் டிக்கெட் இல்லாமல் விசிட் விசாக்காரரை விமானத்தில் ஏற்றவே பல இடங்களில் யோசிப்பார்கள். மிச்சமிருப்பது படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிக் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேருகிறவர்கள். அதாவது வாழ்க்கையில் கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் கட்டத்தில் இருப்பவர்கள். ஆபீஸ் கட்டட்டும் என்று வைத்த விலையை நகை அடகு வைத்தவர் கட்டுகிறார். விலைப் பாகுபாட்டை ஆதரிக்கும் பொருளாதார வாதம் என்ன? முடிந்தவரிடம் அதிகம் வாங்கி முடியாதவருக்குக் குறைத்துக் கொடுக்கலாம், அதனால் இரண்டு பேரும் பறக்கலாம் என்பதுதானே. நல்ல வாதம். ஒன் வே விஷயத்தில் அது தலைகீழாக நிற்கிறது.

முகம் தெரியாது என்ற சாக்கும் இப்போது செல்லாது. படிக்கப் போகிறவர் கையில் மாணவர் விசா இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் இருக்கிறது. சில விமானக் கம்பெனிகள் இதைப் பார்த்துவிட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணமும் கூடுதல் பெட்டிக்கு அனுமதியும் தருகின்றன. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு ஏன் எல்லோரும் எல்லாப் பாதையிலும் செய்வதில்லை என்றால், கேட்கிறவர் இல்லை. பதினெட்டு, இருபது வயதில் முதல்முறை விமானம் ஏறும் பையனுக்கு, விலை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. அடுத்த முறை வாங்கும்போது அவன் வேலையில் இருப்பான், ரிட்டன் வாங்குவான், மறந்துவிடுவான்.

நம் ஊரில் மற்ற வண்டிகளைப் பாருங்கள். சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் ரிட்டன் எடுத்தால் கட்டணம் இரண்டு மடங்கு, வரிசையில் ஒருமுறை நிற்பது மிச்சம். 2025 தீபாவளி நெரிசலுக்கு ரயில்வே, போக வரச் சேர்த்து முன்பதிவு செய்தால் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கூட்டத்தைப் பரப்பிவிடத் தள்ளுபடி கொடுப்பதில் தவறே இல்லை. இருபது சதவீதம் தள்ளிய பிறகும் போய்வரும் டிக்கெட், போகும் டிக்கெட்டைவிட அதிகமாகத்தான் இருக்கும். அதுதான் வித்தியாசம். தள்ளுபடி என்பது ஒன்று, இரண்டு வாங்கினால் ஒன்றைவிடக் குறைவு என்பது முற்றிலும் வேறு.

சரி, புத்திசாலி அப்பா என்ன செய்வார்? ரிட்டன் வாங்கிவிட்டுத் திரும்பும் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஐம்பத்தைந்தாயிரம் கட்டி, போகிற பாதியை மட்டும் பயன்படுத்துவது. நிறையப் பேர் செய்வதுதான். பையன் திரும்பும் தேதி என்று அடுத்த வருஷம் ஜூனில் ஏதோ ஒரு நாளைச் சொல்லிவிட்டு வருவார்கள். அந்த நாளில் யாரும் வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மா மட்டும் அதைக் காலண்டரில் குறித்து வைத்திருப்பாள்.

விமானக் கம்பெனிகளுக்கு இது பிடிக்காது. பல கம்பெனிகளின் பயண நிபந்தனைகளில், டிக்கெட்டில் உள்ள பயணங்களை வரிசைப்படி எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விலையை மறுபடி கணக்கிடுவோம் என்று எழுதியிருக்கும். வெறும் பூச்சாண்டி இல்லை. ஆஸ்லோவிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்வர டிக்கெட் வாங்கிய ஒருவர், திரும்பி வரும்போது ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி, வேறு டிக்கெட்டில் பெர்லின் போய்விட்டார். கடைசித் துண்டுப் பயணத்தைப் பயன்படுத்தவில்லை. வித்தியாசத்தைக் கட்டு என்று லுஃப்தான்சா வழக்குப் போட்டு, இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் கேட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அதற்கு முன்பே, 2010 ஏப்ரலில், ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றம் இந்த வரிசை விதியைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கே இல்லாமல் எல்லோரையும் கட்டிப்போடும் விதி பயணிக்கு அநியாயம், செல்லாது என்றது. ஆனால் விலையைச் சுற்றி வளைத்துத் தப்பிக்கிறவர்களிடம் வித்தியாசத்தை வாங்கும்படி விதியை வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்றும் வழிவிட்டது.

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. பட்டுக் கடைக்குத் திரும்பி வாருங்கள். ரவிக்கைத் துணியோடு புடவை வாங்கி, துணியை வெட்டி அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள். கடைக்காரர் ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, "அம்மா, நீங்க ரவிக்கை தைக்கவே இல்லையாமே, அப்போ புடவை மட்டும் வாங்குன விலையாச்சு, நாலாயிரம் எடுங்க" என்று கேட்க முடியுமா? முகம் பார்த்து விலை சொல்வது வியாபாரம், சகித்துக்கொள்ளலாம். நாமும் பேரம் பேசுகிறோம், நாலு கடை ஏறி இறங்குகிறோம், கடைக்காரர் கணக்குப் போடுவது போல நாமும் போடுகிறோம். விற்ற பிறகு அதை என்ன செய்தாய் என்று கேட்பது வியாபாரத்தில் சேராது. தைக்காத துணியை வேறு யாருக்கும் விற்க முடியாமல் போச்சே என்று கடைக்காரர் அழவும் முடியாது. விமானக் கம்பெனியோ அந்தச் சீட் காலியாகும் என்று தெரிந்தால் இன்னொருவருக்கே விற்றுக்கொள்ளலாம். இரண்டு முறை காசு.

கம்பெனிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வராமல் போகிறவர் சொல்லாமல் போகிறார், சீட் காலியாகப் பறக்கிறது. எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று ஊகித்து அதிகமாக விற்க வேண்டியிருக்கிறது, ஊகம் தப்பினால் உண்மையாக வந்தவரை இறக்கிவிட வேண்டியிருக்கிறது. உண்மைதான். ஆனால் சொல்லாமல் போகும்படி செய்தது யார்? "திரும்பும் பயணம் வேண்டாம், வேறு யாருக்காவது விற்றுக்கொள்ளுங்கள்" என்று முன்பே சொல்பவரிடம் அபராதம் கேட்டால் அவர் எப்படிச் சொல்வார்? வாயை மூடிக்கொண்டு வராமல் இருப்பார். போன பயணத்தின் விலையை மாற்றாமல் திரும்பும் சீட்டை மட்டும் விட்டுக்கொடுக்க வழி இருந்தால் சொல்லிவிடுவார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டிஜிசிஏ, இந்தியாவில் விற்கும் டிக்கெட்டுகளுக்கு இந்த ஒரு விதியைக் கொண்டுவந்தாலே போதும். விலையை அரசு நிர்ணயிக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தது முதல், நிலம் போகிறதே என்று ஏகனாபுரத்து மக்கள் போராடியதும், ஓடுபாதை எத்தனை, ஏக்கர் எத்தனை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த பேச்சாகிவிட்டது. அங்கே ஏறப்போகிறவர் என்ன விலைக்கு ஏறுவார் என்று ஒரு குரலாவது கேட்டதா?

அது வரும்வரை, இந்த வருஷம் கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன் வே விலையைக் கேட்டதோடு நிற்காமல் ரிட்டன் விலையையும், மாணவர் கட்டணத்தையும் கட்டாயம் கேளுங்கள். ரிட்டன் மலிவாக இருந்தால், தேதி மாற்ற எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்பினால்தான் செல்லும். படிப்பு ஒரு வருஷம் என்றால் அந்த டிக்கெட்டே உண்மையில் உதவலாம். முதல் பயணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். போகிற விமானத்தில் ஏறவில்லை என்றால் திரும்புகிற டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். அங்கிருந்து ஒருவர் உங்களுக்காக வாங்கிய டிக்கெட்டில் பாதியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை இங்கேதான் கவிழும்.

திரும்பும் பயணம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டால், டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிய விமான நிலைய வரிகளை விட்டுவிடாதீர்கள். அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், பயன்படுத்தாத பயணத்துக்கான அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்று டிஜிசிஏ விதி இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தால் அவர்கள் நாட்டு விதிப்படி. லண்டனிலிருந்து கிளம்பும் பயணம் என்றால் டிக்கெட்டில் அந்த வரியே கணிசமாக இருக்கும். ஆனால் விலையை மறுபடி கணக்கிடுவோம் என்று உங்கள் டிக்கெட்டின் நிபந்தனையில் இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள், வரியைக் கேட்கப் போய் வித்தியாசத்தைக் கட்ட வேண்டாம். தானாக யாரும் அனுப்ப மாட்டார்கள், நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு மெயில் போதும். வந்தால் அங்கே ஒரு மாதத்து பஸ் செலவாவது தேறும் :-)